ஒட்டகத்தைக் கட்டிய பிறகும்

நிந்தவூரில் ஒருவர், "வேலைக்குப் போகவே பயமாக் கிடக்கு, ராவில நித்திரையும் இல்ல" என்று வாய்விட்டால், பெரும்பாலும் ஒரே ஆறுதல்தான் கிடைக்கும்: "அல்லாஹ்மேல தவக்குல் வைங்க." நல்ல வார்த்தைதான். சில வேளை அதே வாய் இன்னொரு வசனத்தையும் சேர்த்துவிடும்: "ஈமான் பலமா இருந்தா இந்தக் கவலையெல்லாம் வராது." வில்லங்கம் இதில்தான்.

இது சரியென்றால் இமாம் கஸ்ஸாலியின் ஈமானை எங்கே வைப்பது? 1091இல், 33 வயதளவில், பக்தாத் நிழாமிய்யா கல்லூரியின் பேராசிரியரானார். 300 மாணவர்கள், பெரிய இடத்துச் செல்வாக்கு. 1095இல், பதவியை விடுவதா வேண்டாமா என்று ஏறக்குறைய ஆறு மாதம் உள்ளுக்குள் இழுபறி. பாடம் நடத்தப் போனால் நாக்கு எழவில்லை. பிறகு சாப்பாடும் தொண்டையில் இறங்கவில்லை. மனதில் பிடித்த நோய் உடம்புக்கு இறங்கிவிட்டதென்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். இது எதிரிகள் கட்டிய கதையல்ல. 'அல்முன்கித்' நூலில் அவரே எழுதியது.

அவர் வேலையை விட்ட விதம் இன்னும் சுவையானது. சொத்தைப் பகிர்ந்து கொடுத்தவர், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கி வைத்தார். தவக்குல் பற்றி 'இஹ்யா'வில் விரிவாக எழுதிய மனிதர் அவர். விதைக்காமல் விளைச்சலை எதிர்பார்ப்பது தவக்குல் அல்ல, பைத்தியம் என்பது அவர் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை அல்லாஹ்விடம் விடச் சொல்லும் நபிமொழியின் வழிதான் அது. நிந்தவூர் வட்டைக்குள் இறங்கி இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கட்டின ஒட்டகமும் போய்விடுகிறதே! 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் கொண்டுபோனது கட்டி வைத்திருந்த தோணிகளைத்தான். ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு அந்தப் பக்கத்துக் கரையைக் கடல் அரித்ததில், கரைவலைக்காரருக்கு வலை இழுக்கும் இடமே சுருங்கியது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கினாலும் பயிர் அதுவரை காத்திருக்குமா? முறைப்படி விதைத்தவர்தான் யூரியாவுக்கு அலைந்தார். அவருடைய பதற்றத்தை வைத்து ஈமானை அளப்பது அநியாயம்.

புகாரியில் இன்னொரு நபிமொழி உண்டு: உங்களுக்குக் கீழே இருப்பவர் மீது தாங்க முடியாத சுமையைப் போடாதீர்கள், போட்டால் கூட நின்று உதவுங்கள். இது வேலை வாங்குபவருக்குச் சொன்னது. மாத இலக்கு எட்டாத ஊழியரிடம் "சபுர் செய்யுங்க" என்கிற முதலாளிக்கு, சபுரைவிட இந்த ஹதீஸைத்தான் நினைவூட்ட வேண்டும். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுக்கு 1200 கோடி வேலை நாட்கள் வீணாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2022இல் அது வெளியிட்ட வழிகாட்டியும் முகாமையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. சுமை ஏற்றுகிறவரையும் கேள்வி கேட்பதில் நபிமொழி பல நூற்றாண்டு முந்திக்கொண்டது.

கஸ்ஸாலி மறுபடி கல்லூரியில் கற்பிக்கப் போனது 1106இல், நிஷாப்பூரில். நடுவே 11 வருஷம். நம்மூர் எழுதுவினைஞருக்கோ ஆசிரியைக்கோ அவ்வளவு லீவு யார் கொடுப்பார்? நித்திரை இல்லாத ராத்திரி தொடர்ந்தால், தொழுத கையோடு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் ஒரு கோல் எடுங்கள். 24 மணி நேரமும் எடுக்கலாம்.