சாட்சி சொல்லும் படம்

டிஜிட்டல் கமராவில் எடுத்த படத்தைக் கணினியிலிட்டுத் திருத்துவது பொய் சொல்வதற்குச் சமமா என்ற கேள்வி இலக்கிய நண்பர்களிடையே அடிக்கடி எழுகின்றது. கை வைக்காத படமே உண்மையான படம் என்பது ஒரு சாராரின் வாதம். படம் எடுப்பதிலும் திருத்துவதிலும் ஈடுபாடு கொண்டவன் என்ற வகையில் அதனை என்னால் ஏற்க முடிவதில்லை.

ஏனெனில், கை வைக்காத படம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலான டிஜிட்டல் கமராக்களில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தையே பதிவு செய்கின்றது. ஏனைய இரண்டும் அயற்புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பப்படுகின்றன. கமராவே இதைச் செய்து தருவதைத்தான் நாம் ‘அசல்’ என்கிறோம். பிலிம் காலத்திலும் இருட்டறையில் ஒளியைக் கையால் மறைத்து ஓரிடத்தை வெளிறச் செய்தார்கள். இன்னோரிடத்தில் கூடுதலாக ஒளி பாய்ச்சிக் கருமையாக்கினார்கள். போட்டோஷொப்பில் இன்றும் அவ்விரு வேலைகளின் பெயரிலேயே கருவிகள் உள்ளன. இளமையில் பியானோ பயின்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சிட்ட படத்தை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டார்.

அப்படியானால் எல்லை எங்கேயுள்ளது? ஒளியை மாற்றலாம், பொருளை மாற்றக் கூடாது என்பது பொதுவான விடை. அதுவும் போதுமானதல்ல. 1994 ஜூனில் ஓ.ஜே. சிம்ப்சனின் பொலிஸ் படத்தை ‘டைம்’ சஞ்சிகை கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே படத்தை ‘நியூஸ்வீக்’ மாற்றாமல் வெளியிட்டதால் வேறுபாடு வெளிப்படையாயிற்று. ஒரு கறுப்பினத்தவரின் முகத்தை மேலும் கருமையாக்கி அச்சமூட்டியதாகக் கடுங் கண்டனம் எழுந்தது. அங்கு முக்கியமாக மாறியது ஒளியே.

ஆகவே, எவ்வளவு மாற்றினோம் என்பதைவிட, அந்தப் படம் எதற்குச் சாட்சியாக நிற்கின்றது என்பதே கேள்வி என நான் கருதுகிறேன். மணமகளின் முகத்துப் பருவை நானும் நீக்கிக் கொடுத்திருக்கிறேன். அதை எவரும் சாட்சியமாகக் கொள்வதில்லை. போர்க்களத்துப் படம் அப்படியல்ல.

2006 ஓகஸ்ட் 5ஆம் திகதி, இஸ்ரேலின் குண்டுவீச்சுக்குள்ளான பெய்ரூத்திலிருந்து அத்னான் ஹஜ் என்ற லெபனானியப் படப்பிடிப்பாளரின் படமொன்றை ரொய்ட்டர் வெளியிட்டது. அதிலிருந்த புகை, பிரதி செய்யும் கருவியால் பெருக்கப்பட்டிருந்தது. தூசு அடையாளத்தை நீக்க முயன்றதாகவே அவர் விளக்கமளித்தார். போர் விமானம் பற்றிய அவரது இன்னொரு படத்திலும் திருத்தம் கண்டறியப்பட்டது. ரொய்ட்டர் அவருடனான தொடர்பைத் துண்டித்து, அவரது 920 படங்களையும் தனது தொகுப்பிலிருந்து நீக்கியது.

குண்டு விழுந்தது உண்மை, புகை எழுந்ததும் உண்மை, சற்றுக் கூட்டியதில் என்ன தவறு என்று நம்மவர்களில் சிலர் கேட்பதுண்டு. பாதிக்கப்பட்டோர் மீதான அனுதாபமே அவ்வாறு கேட்க வைக்கின்றது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பிழை காணப்பட்டவை இரண்டு, அகற்றப்பட்டவை 920. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக நீடித்த அந்தப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லெபனானியர்கள் கொல்லப்பட்டனர். அவர்களின் இழப்பையே நாடகம் என்று சொல்ல விரும்பியோருக்கு அந்தப் புகை ஓர் ஆயுதமாயிற்று. பொய் கூட்டியவர் தொழிலை இழந்தார். பொய்யே சொல்லாத மக்கள் நம்பகத்தை இழந்தார்கள்.

2012 நவம்பரில் காஸாவின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் இரு குழந்தைகளின் ஜனாஸாக்கள் சுமந்து செல்லப்பட்டதை சுவீடன் நாட்டவரான போல் ஹன்சன் படமெடுத்தார். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற அப்படம், பல படங்களை ஒட்டிச் செய்தது என்று 2013இல் குற்றஞ்சாட்டப்பட்டது. நிபுணர்கள் மூலக் கோப்பைப் பரிசோதித்து, நிறமும் ஒளியும் சீர்செய்யப்பட்டதன்றி எதுவும் ஒட்டப்படவில்லை என உறுதி செய்தனர். மூலம் இருந்ததால் அந்தச் சாட்சியம் பிழைத்தது.

2023 முதல் போட்டோஷொப்பில், இல்லாத பொருளை எழுத்தால் கேட்டே வரவழைக்கலாம். இனி மெய்யான படத்தையும் பொய்யென்று தள்ளிவிடுவது எவருக்கும் இலகு. இந்நிலையில் நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். மூலப் படத்தை அருகில் வைத்து, படத்திலுள்ளவரிடமும் அதைப் பார்ப்பவரிடமும் தயங்காமல் காட்டக்கூடிய திருத்தம் பொய்யாகாது. மறைக்க வேண்டியிருந்தால், அது எத்தனை சிறிதாயினும் பொய்யே. பிறரது துயரம் படமெடுப்பவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கூட்டிக் காட்டவும் குறைத்துக் காட்டவும் அவனுக்கு உரிமையில்லை.