யுத்தகாலமும் ஒன்பதாம் வகுப்பும்

யுத்தம் நடக்கும்போது பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி எனக்கு ரொம்பவும் பிற்பாடுதான் வந்தது. 1962-ல் எங்களிடம் கேள்வி இல்லை. ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலை எழுதியவன் நான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளி. பெயர் வேண்டாம், அந்த வருஷம் தேசத்தில் எந்தப் பள்ளியும் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. அக்டோபர் 20-ந் தேதி சீனப் படை எல்லையைத் தாண்டிற்று. நவம்பர் 21-ல் சீனாவே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. இடைப்பட்ட ஒரு மாதத்தில் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவைப் பொறுத்தவரை யுத்தம் என்பது நாற்பது பக்க நோட்டு ஒன்று. இடதுபுறம் பெயர், வலதுபுறம் தொகை. தேசியப் பாதுகாப்பு நிதிக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று நான் தினமும் குறித்துக்கொள்ள வேண்டும், காலைப் பிரார்த்தனையில் அது வாசிக்கப்படும். நாலணா கொடுத்தவனுக்கும் கைதட்டல் உண்டு. ஒன்றும் கொடுக்காதவனுக்கு நேரே பூஜ்யம் போடச் சொன்னார் வகுப்பாசிரியர். கெட்ட மனிதர் அல்ல. பரீட்சை வைக்கத் தெரிந்தவர். யுத்தத்தையும் ஒரு பரீட்சையாக வைத்தார், அவ்வளவுதான்.

நான் கொடுத்தது ஒரு ஜோடித் தோடு. என்னுடையது அல்ல, அம்மாவைப் பெற்ற ஆயாவுடையது. இரண்டு நாள் அழுது கேட்டேன். மூன்றாம் நாள் ஆயா கழற்றிக் கொடுத்தாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை நறுக்கிச் செருகிக்கொண்டாள். பிரார்த்தனையில் என் பெயரை வாசித்தபோது கிடைத்த கைதட்டல் அந்த மாதத்திலேயே பெரியது. ஆயாவின் பெயர் வாசிக்கப்படவில்லை. பட்டியலில் அதற்கு இடமில்லை.

பூஜ்யம் வாங்கியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் தேவனாம்பட்டினத்திலிருந்து நடந்து வருகிற பையன்கள். அவர்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, ஆகவே அவமானமும் அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாமவன் கெடிலத்துக்கு அக்கரையில், திருப்பாதிரிப்புலியூரில், ஒரு பத்தர் வீட்டுப் பையன். "தங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவன், ஒரு குன்றிமணி கொடுக்க மனசில்லை" என்று வகுப்பில் சொல்லப்பட்டது. சொன்னவர் ஆசிரியரா, நானா என்பது இன்றைக்கு எனக்கு நிச்சயமில்லை. ஞாபகம் இந்த மாதிரி இடங்களில் நமக்குச் சாதகமாகவே மங்கும். பட்டறையில் இருக்கிற தங்கம் ஊராருடையது, பத்தருக்குச் சொந்தம் கும்மட்டியும் ஊதுகுழலும் கூலியும்தான் என்பதை அந்த வகுப்பில் அறிந்திருந்தவன் அவன் ஒருவன். அவன் அதை எடுத்துச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் தன் வீட்டுப் பொருளாதாரத்தை நாற்பது பேர் முன்னால் யார் விளக்குவார்கள்?

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் நகை செய்யக் கூடாது. பதினான்கு காரட் தங்கத்தில் நம்மூர்ப் பெண்கள் நகை கேட்கமாட்டார்கள். கேட்டாலும் அந்த உலோகம் பழகிய கைக்கு வளைந்து கொடுக்காது. யுத்தத்தை முன்னிட்டுத் தங்கத்தின் மீதான மோகத்தை அடக்குவது சர்க்காரின் நோக்கம். அந்நியச் செலாவணி, கள்ளக்கடத்தல் என்று காரணங்கள் சொல்லப்பட்டன, அவை பொய்யான காரணங்களும் அல்ல. ஆனால் தேசமெங்கும் பட்டறைகள் அணைந்தன. பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்துகொண்டேயிருந்தன. இருபத்திரண்டு காரட்டில் நகை செய்யும் அனுமதி திரும்பியது 1966-ல்தான். அந்தப் பையன் 1963 பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கொஞ்சநாள் வராதவன் குறி, பிறகு ஒரு சிவப்புக் கோடு. இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் பூஜ்யம் போட்டவனிடமிருந்து தேசம் எங்கள் எல்லோரையும்விட அதிகமாக வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்குக் கைதட்டல் கிடையாது, நிதி என்ற பெயரும் கிடையாது.

தியாகத்தைப் போதிக்கலாமா என்பது பழைய கேள்வி. என் கேள்வி அதைவிடச் சின்னது, ஆனால் கூர்மையானது என்று நினைக்கிறேன்: பள்ளிக்கூடம் போதிக்கும் தியாகம் யாருடைய கணக்கில் பற்று எழுதப்படுகிறது? சார்த்தர் தன் 1945-ம் வருஷப் பேருரையில் சொன்ன மாணவனின் கதை சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அலுத்துப்போன ஒன்று. தாயோடு தங்குவதா, இங்கிலாந்து சென்று சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா என்று தவித்தவன். அவன் அதிர்ஷ்டசாலி. தன்னையே எடை போட்டுக் கொடுக்கிற இடத்தில் இருந்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் எதைக் கொடுத்தாலும் அது இன்னொருவர் காதிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும்.

பரந்த உலகம் இதில் நம்மைவிட நேர்த்தியாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் வகுப்பறையிலேயே யுத்த ஸ்டாம்பு விற்றார்கள். பிள்ளைகள் பழைய இரும்பு பொறுக்கினார்கள். 1942-ல் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கென்றே 'வெற்றிப் படை' என்று ஓர் அமைப்பு வந்தது. அதே 1942-ல் பிறப்பால் ஜப்பானியர் என்பதற்காகச் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். முகாம்களுக்குள் உயர்நிலைப்பள்ளிகளும் நடந்தன. மான்ஸனாரில் முள்வேலிக்குள் நின்று பிள்ளைகள் கொடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். இது அமெரிக்காவின் கபடம் என்று நான் பல வருஷம் பேசித் திரிந்ததுண்டு. பிறகுதான் தேவ்ளியைப் பற்றிப் படித்தேன். நான் நோட்டில் தொகை எழுதிக்கொண்டிருந்த அதே நவம்பரில் அஸ்ஸாமிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் டார்ஜிலிங்கிலிருந்தும் சீன வம்சாவளி இந்தியக் குடும்பங்களை ரயிலில் ஏற்றி ராஜஸ்தானத்துத் தேவ்ளி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் மூவாயிரம் பேர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்பட. சிலர் வருஷக்கணக்கில் அங்கே இருந்தார்கள். எங்கள் பிரார்த்தனைக் கூட்டத்தில் இந்தச் செய்தி வாசிக்கப்படவில்லை. வாசித்திருந்தால் அதற்கும் கைதட்டியிருப்போமோ என்ற சந்தேகம் என்னை விடுவதில்லை.

என் அப்பா இதே ஊரில் 1942-ல் படித்தவர். அந்த ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னை பாதிக்கு மேல் காலியாயிற்று. கடலோரத்து ஊர் என்பதால் கடலூரிலும் பயம் இருந்தது. 1914-ல் சென்னையை எம்டன் கப்பல் சுட்ட கதை கிழவர்கள் வாயில் மறுபடி உயிர்பெற்றது. அப்பா வகுப்பில் பெஞ்சுகள் பாதி காலி. கணக்கு வாத்தியார் — பட்டப்பெயர் எம்டன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பள்ளியிலும் ஒரு எம்டன் இருந்தார் — மீதி இருந்த பதினைந்து பேருக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தாராம். "அவருக்கு உலகமே தெரியாது" என்று அப்பா சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஏறக்குறைய அதே மாதங்களில் மார்செய் நகரில் சிமோன் வெய்ல் பள்ளிப்படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிரான்ஸ் வீழ்ந்து கிடக்கிறது. இவர் யூதர் என்பதால் ஆசிரியர் வேலை போய்விட்டது. எழுதுவதோ ஜியோமிதிக் கணக்கைப் பற்றி. கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அதன்முன் உண்மையாக உட்கார்ந்திருந்த கவனம் வீண்போகாது. என்றோ ஒருநாள் துன்பப்படுகிற ஒருவனை வகைமாதிரியாக அல்லாமல் மனிதனாகப் பார்க்க அதே கவனம்தான் உதவும் என்பது அவர் வாதத்தின் சாரம். முதலில் படித்தபோது இது துறவியின் கற்பனை என்றுதான் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. யுத்தம் முதலில் கொல்வது உண்மையை என்பார்கள். அதற்கு முன்பே கவனம் செத்துவிடுகிறது. எங்களிடம் பட்டியல் இருந்தது. அந்தப் பையனைக் கவனிக்கத் தேவை இல்லாமல் போயிற்று. அப்பாவின் எம்டன் சமன்பாடு நடத்தியது அலட்சியமா, எதிர்ப்பா? அவரைக் கேட்டிருந்தால் போர்ஷன் முடிக்க வேண்டாமா என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பதிலில் ஒரு குறையும் இல்லை.

1965 ஜூனில் புகுமுக வகுப்புக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனேன். ஜனவரி 27-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச்சூட்டில் இறந்த வளாகம் அது. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் யுத்தம். ஜனவரியில் சர்க்காரை எதிர்த்து ஊர்வலம் போனவர்களே இப்போது ரத்ததானம் செய்ய வரிசையில் நின்றார்கள். இதை முரண்பாடு என்று கேலி செய்வது சுலபம், நான் செய்யமாட்டேன். என்.சி.சி. கட்டாயமாக இருந்த காலம். 303 ரைஃபிளைத் தோளில் வைத்துக்கொண்டு 'சாவ்தான்' என்ற உத்தரவுக்கு விறைத்து நிற்போம். அந்த இந்திச் சொல்லின் அர்த்தமும் கவனம்தான். (1968 ஜனவரியில் அந்த இந்தி உத்தரவுகளை நீக்கச் சொல்லிச் சட்டசபை தீர்மானம் போட்டது.) ஒரு சொல் இவ்வளவு தூரம் தன் அர்த்தத்துக்கு எதிராக நடக்க முடியும் என்பதை நான் அந்த மைதானத்தில்தான் கற்றேன். சாவ்தானில் நிற்பவன் எதையும் பார்க்கக் கூடாது.

அமெரிக்க பாட்டன் டாங்கிகள் பஞ்சாபில் உடைந்து கிடந்த படங்களைப் பத்திரிகையில் பார்த்தபடி அமெரிக்கக் கோதுமையைச் சாப்பிட்டோம். வாரம் ஒருவேளை உணவைத் துறக்கச் சொன்னார் பிரதமர் சாஸ்திரி. திங்கட்கிழமை இரவு. வடக்கு வீதியில் நான் சாப்பிட்ட மெஸ்ஸும் மூடியது. எங்களுக்குக் கஷ்டமில்லை, வேறொரு வீதியில் ஓர் ஓட்டலின் பின்கட்டில் இட்லி கிடைத்தது. மெஸ்ஸில் இலை எடுக்கும் இரண்டு பையன்களுக்குச் சம்பளத்தோடு சோறு என்று ஏற்பாடு. திங்கள் இரவு அடுப்பு இல்லாததால் சோறும் இல்லை. தேசத்துக்காக அந்த வீட்டில் உண்மையாகவே பட்டினி கிடந்தவர்கள் அவர்கள்தான், அவர்களை யாரும் கேட்கவில்லை. வெய்லும் பட்டினி கிடந்தார். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸில் கிடைக்கும் அளவுக்கு மேல் உண்ண மறுத்து 1943-ல் இங்கிலாந்தில் முப்பத்து நாலாம் வயதில் இறந்துபோனார். அதை நான் கொண்டாடத் தயாராயில்லை. அந்தப் பட்டினியால் ஒரு பிரெஞ்சுக் குழந்தைக்கும் ஒரு கவளம் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்தது தன்னுடையதை. எங்கள் மெஸ்ஸுக்கும் அவருக்கும் உள்ள தூரம் அது.

மௌனி அரிசி ஆலை நடத்திக்கொண்டிருந்த ஊர் சிதம்பரம். அப்போது எனக்கு அவர் யாரென்றே தெரியாது. மாலையில் வீதிகளைச் சுற்றிவருவது ஒன்றே பொழுதுபோக்கு. 1966-ல் ஒருநாள், கீழவீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு மரப்பெட்டிக் கடையில், கண்ணில் லென்ஸைச் செருகிக் குனிந்திருந்தவன் நிமிர்ந்து, "சட்டாம்பிள்ளை!" என்றான். பத்தர் வீட்டுப் பையன். கை மாறியிருக்கவில்லை. சின்ன இடுக்கியை அவன் பிடித்திருந்த விதம் பட்டறையிலிருந்து வந்ததுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். டீ சொன்னான். கோபம் இருக்கும் என்று நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"ஆயா நல்லாருக்காங்களா?" என்று கேட்டான். "அந்தத் தோடு எங்கப்பா பண்ணது. உனுக்குத் தெரியுமா? அப்புறம் காதுக்கு என்னா போட்டுக்கினாங்க?"

வேப்பங்குச்சி என்று சொன்னேன். போன வருஷம் ஆயா போய்விட்டாள் என்றும் சொன்னேன். கொஞ்சநேரம் அவன் லென்ஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பரேடுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்துகொண்டேன். அவன் அப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை.