கியானே என்னும் சாட்சி

கண்ணெதிரே ஓர் அநியாயம் நடக்கிறது. அதைத் தடுக்கும் பலம் நமக்கில்லை என்பதும் திட்டமாகத் தெரிகிறது. அப்போதும் குறுக்கே போய் நிற்பதில் அர்த்தம் உண்டா என்ற கேள்விக்கு, கிரேக்க புராணத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நீர்க்கன்னிகை பதில் சொல்லியிருக்கிறாள். சிசிலித் தீவில், சிராகூஸ் நகருக்குச் சமீபத்தில் உள்ள ஓர் ஊற்றின் அதிதேவதையான அவள் பெயர் கியானே.

தானியங்களின் தாயான டிமீட்டருடைய மகள் பெர்செபோனியைப் பூக்கொய்த இடத்திலிருந்து அபகரித்துக்கொண்டு, பாதாள அதிபதி ஹேடிஸ் ரதத்தில் விரைந்தபோது, கியானே இடுப்பளவு நீரிலிருந்து எழுந்து, இரு கைகளையும் விரித்து வழியை மறித்து, பெண்ணைக் கேட்டு மணப்பதுதான் முறை, பறித்துப் போவது முறையல்ல என்று கடிந்தாள். அவன் அவளுடைய ஊற்றின்மீதே செங்கோலை வீசிப் பூமியைப் பிளந்துகொண்டு மறைந்தான். துக்கம் தாளாத அவள் அங்கம் அங்கமாகக் கரைந்து தன் நீரோடு நீரானாள் என்றும், மகளைத் தேடித் தாய் வந்தபோது சொல்ல நாவில்லாமல், பெர்செபோனியின் இடைக்கச்சையை நீரின்மேல் மிதக்கவிட்டுக் காட்டினாள் என்றும் ரோமக் கவி ஓவிட் தம் ‘உருமாற்றங்கள்’ என்னும் காவியத்தின் ஐந்தாம் காண்டத்தில் வர்ணிக்கிறார். மகள் இருக்குமிடத்தை வாய்விட்டுச் சொன்ன பெருமை அரெதூசா என்ற இன்னொரு கன்னிகைக்குப் போயிற்று.

நம் ராமாயணத்தில் இந்தக் காரியம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ராவணனை மறித்து வெட்டுண்டவன் ஜடாயு. சீதை முடிந்து எறிந்த ஆபரணங்களைப் பத்திரப்படுத்தி ராமனிடம் காட்டியவர்கள் வானரர்கள். ஜடாயுவுக்குச் சாகுமுன் பேசக் கொடுத்துவைத்திருந்தது. தந்தைக்குரிய ஈமக்கடனும் கிடைத்தது. கியானேக்கு அவ்விரண்டும் இல்லை. ஆகவே அவளையே சற்று உயர்வாக நினைக்கத் தோன்றுகிறது. ராம பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் நீர்த்தெய்வங்களுக்குக் குறைவில்லை. ஏரிக்கரையில் கூரையின்றி ஏழு கல்லாக நிற்கும் கன்னிமாரைத் தவிர, தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் தண்ணீரே கங்கம்மா. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள ஒரு குடியிருப்பில், போர்வெல்லில் முதல் தண்ணீர் பீறிட்டதும், சேறு வழியும் அந்த இரும்புக் குழாய்க்கே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஒரு மூதாட்டி தேங்காய் உடைத்துக் கும்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கங்கம்மாவின் பெரிய உருவமான தென்பெண்ணை, நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு நம் எல்லைக்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கும்போது வெளியேறும் பிரவாகத்தின்மேல் வெள்ளை நுரை மலைமலையாகக் குவிந்து, காற்றில் இலவம்பஞ்சாகப் பிய்ந்து பறந்து, தரைப்பாலத்தையே மூடிவிடுகிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் கரையோரத்து வயல்களுக்கும் பாய்கிறது. குற்றம் முழுவதையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவது சௌகரியமானதுதான். நம் பக்கத்துச் சாக்கடைகளும் எங்கே போய்ச் சேருகின்றன என்று கேட்டால் அந்தச் சௌகரியம் குலைந்துபோகும். 1892-இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்த ஒப்பந்தத்தைக் காட்டி, தண்ணீர் எவ்வளவு வரவேண்டும் என்று வாதாட நமக்குத் தெரியும். எப்படிப்பட்ட தண்ணீர் வரவேண்டும் என்று வாதாட இன்னும் பழகவில்லை.

நாவிழந்த நதி காட்டும் கச்சைதான் அந்த நுரை என்று எனக்குப் படுகிறது. ஆனால் டிமீட்டர் கண்ட மாத்திரத்தில் அது தன் மகளுடையது என்று அறிந்தாள். நாமோ, நுரையோடு நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, நமக்கேன் வம்பு என்று நகர்ந்துவிடுகிறோம். தடுக்க முடியாதவனுக்கு வேலையே இல்லை என்ற நினைப்பு நம்மிடம் வேரூன்றிவிட்டது. தடுக்க முடியாத பிறகுதான் கியானேயின் பாதி வேலை தொடங்கிற்று.

அந்தப் பாலத்தைக் கடக்கும் அன்பர்களே, எடுத்த படத்தோடு தேதியையும் நேரத்தையும் எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனுவாகக் கொடுத்து, ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பார்வையிட அதிகாரி வருகிற நாளில் நுரை அடங்கியிருக்கும்; அன்றைக்கு உங்கள் மனு ஒன்றுதான் சாட்சி.