பகலாணியும் துண்டும்: வீட்டுத் தரகின் அறம்

வீடு விற்பவர் தரகருக்குக் கொடுக்கும் தொகையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அது எவ்வளவு என்பதில் தொடங்கி, அது மிகுதி என்ற முணுமுணுப்பில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே எழவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வீடும் தன்னுடையதன்று, பணமும் தன்னுடையதன்று என்னும் நிலையில் நடுவே நிற்கும் ஒருவர், அவ்விரண்டும் கைமாறும் நேரத்தில் தமக்கென ஒரு பங்கு கேட்பதற்கு அடிப்படை எது? இக்கேள்விக்கு விடை கிடைத்தால்தான் எவ்வளவு என்பதற்கும் விடை கிடைக்கும். அறநூல்களும் சமய நூல்களும் இதனை ஒதுக்கிச் செல்லவில்லை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தை அடுத்து வரும் தவளக்குப்பம் போன்ற ஊர்களில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. வீட்டு விலையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்பது வழக்கில் உள்ள கணக்கு. விற்பவரிடம் மட்டும் பெறுவது ஒரு பக்கக் கமிஷன் என்றும், வாங்குபவரிடமும் பெறுவது இரண்டு பக்கக் கமிஷன் என்றும் சொல்லப்படும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகளாகப் பிரான்சில் வாழும் குடும்பங்கள் தம் பூர்விக வீட்டை விற்க முனையும்போது, ஊரின் இன்றைய விலையை அறிய அவர்களுக்கு இருக்கும் ஒரே கண் சில வேளைகளில் தரகரின் கண்ணாகவே இருந்துவிடுகிறது. அக்கண் யாருக்காகப் பார்க்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

தரகு என்னும் சொல் புதியதன்று. பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிப் பட்டியல்களில் அச்சொல் இடம்பெறுவதால், நடுநின்று பெறும் வருவாய் அரசு வரி விதிக்கும் அளவுக்கு நிலைபெற்ற தொழிலாக அன்றே இருந்தமை விளங்கும். தவளக்குப்பத்துக்கு அண்மையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, உரோமானியப் பேரரசோடு நடந்த வணிகத்தின் மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே கிடைத்தன. இரு மொழிகள் சந்திக்கும் துறைமுகத்தில் இரண்டையும் அறிந்தவர் இல்லாமல் விலை பேசியிருக்க முடியாது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் கம்பெனி அத்தகையவரைத் துபாஷி, அதாவது இருமொழியாளர், என்று அழைத்ததும், அவரே தலைமைத் தரகராகவும் விளங்கியதும் புதுச்சேரி வரலாற்றின் அறியப்பட்ட செய்திகள்.

நடுநிற்பவரின் அறத்துக்குத் தமிழ் தரும் மிகக் கூர்மையான உவமை பட்டினப்பாலையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் இடத்தில், நீண்ட நுகத்தடியின் நடுவே தைக்கப்பட்ட ஆணியைப் போல நடுவுநிலையில் நிற்கும் நெஞ்சுடையவர்கள் என்கிறார். தம்முடைய பொருளையும் பிறருடைய பொருளையும் ஒன்றாகவே கருதினர் என்றும், கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் அவர்களிடம் இல்லை என்றும் கூறுகிறார். திருக்குறளில் நடுவுநிலைமை பேசும் அதிகாரம், அரசரையோ நீதி வழங்குவோரையோ சொல்லி முடியாமல், பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணும் வணிகரைச் சொல்லி முடிவதும் இத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. பட்டினப்பாலை அந்த ஆணியைக் குறிக்க ஆளும் சொல் 'பகல்' என்பதாகும். பகுத்தல் என்னும் வினையோடு உறவுடைய அச்சொல்லுக்கு நடு என்றும், நுகத்தாணி என்றும், கதிரவன் விளங்கும் பொழுது என்றும் பொருள்கள் உண்டு. நடுவில் நிற்பதும், பங்கிடுவதும், வெளிச்சமாக இருப்பதும் ஒரே சொல்லுக்குள் அமைந்துள்ளன; தரகரின் கடமையை இதைவிடச் சுருங்கச் சொல்வது அரிது. உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு: ஆணி கூலி கேட்பதில்லை, மனிதர் கேட்பார்.

அக்கூலி தகுமா என்பதற்குச் சமய மரபுகள் தரும் விடை பொதுவாக ஆம் என்பதே. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸ், வணிக ஆதாயத்தை அதனளவில் பாவம் என்று ஒதுக்காமல், உழைப்புக்கான ஊதியமாக அதனைத் தேடுவதை ஏற்கிறார். இஸ்லாமிய மரபில் தரகருக்கு 'சிம்சார்' என்று பெயர். புகாரியின் நபிமொழித் தொகுப்பில் கூலி பற்றிய பகுதியில், இப்னு சீரீன், ஹசன் முதலிய தொடக்கக் கால அறிஞர்கள் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்ற குறிப்பு உள்ளது. சந்தையில் சிம்சார்கள் என்று அழைக்கப்பட்டவர்களை நபிகள் வணிகர்களே என்ற மேலான பெயரால் விளித்து, வணிகத்தில் வீண்பேச்சும் ஆணையிடுதலும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு அறிவுறுத்தியதாகவும் ஒரு செய்தி அபூதாவூத் முதலியோர் தொகுப்புகளில் உண்டு. மனுநூல் வணிகத்துக்குச் 'சத்யாந்ருதம்' என்று, அதாவது மெய்யும் பொய்யும் கலந்தது என்று, பெயர் வைத்ததையும் இதனோடு ஒப்பிடலாம். தொழிலைத் தள்ளாமலும் அதன் கறையை மறைக்காமலும் சொல்லும் நேர்மை இவ்விரண்டிலும் தெரிகிறது.

ஆனால் உழைப்புக்குக் கூலி என்ற விடை முழுமையானதாக இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது, ஒப்படைத்த செயல் முடியும்வரை முகவருக்கு ஊதியம் சேராது என்று 219-ஆம் பிரிவில் கூறுகிறது. முகவர் என்பவர் இன்னொருவருக்காகச் செயல்படும்படி அமர்த்தப்பட்டவர். இஸ்லாமியச் சட்டத்தில் 'ஜுஆலா' எனப்படும் ஒப்பந்தமும் இவ்வகையினதே: தொலைந்த ஒட்டகத்தைத் தேடி அலைந்தவருக்கு அலைச்சலுக்காகக் கூலி இல்லை, ஒட்டகத்தோடு வந்தவருக்கே உண்டு. அப்படியானால் தரகர் பெறுவது வினைக்கான கூலியன்று, பயனுக்கான கூலி. இருபது பேரை அழைத்துவந்து வீட்டைக் காட்டியும் விற்பனை அமையாத மாதத்தில் அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டே நாளில் அமைந்துவிட்டால், ஐம்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு லட்சம் கிடைக்கும். இரண்டு நாள் வேலைக்கு ஒரு லட்சமா என்று விற்பவர் கேட்பது இயல்பு. அமையாது போன வீடுகளுக்காக நடந்த நடையின் செலவையும் அமைந்த வீடே சுமக்கிறது என்பது அதற்கான விடை. விற்பவர் தம் வீட்டுக்கு மட்டுமன்றி, விற்காமல் போன யாரோ ஒருவரின் வீட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். இதனை அநீதி என்று தள்ளிவிட இயலாது; ஆனால் இப்படித்தான் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே இது நீதியாகும்.

விழுக்காட்டுக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே வீட்டுக்கு மேலும் மூன்று லட்சம் பெறுவதற்காகத் தரகர் இரண்டு மாதம் காத்திருந்தால், விற்பவருக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கூடும். தரகருக்கு ஆறாயிரமே கூடும். விரைந்து முடிப்பது அவருக்கு ஆதாயம், பொறுத்து முடிப்பது வீட்டுக்காரருக்கு ஆதாயம். லெவிட், சைவர்சன் என்னும் பொருளியலாளர் இருவர் அமெரிக்காவின் சிகாகோப் பகுதி விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரை, முகவர்கள் தம் சொந்த வீடுகளை விற்கும்போது, பிறர் வீடுகளை விற்கும்போது பெறும் விலையைவிட நூற்றுக்கு 3.7 அளவு கூடுதலாகப் பெற்றனர் என்றும், ஒன்பது நாளுக்கு மேல் கூடுதலாகக் காத்திருந்தனர் என்றும் காட்டியது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுக என்ற பழந்தமிழ் அளவுகோல் எவ்வளவு கடினமானது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

எனினும் வெளிப்படையான கமிஷன் எவ்வளவு மிகுந்திருந்தாலும், மறைவான கமிஷன் செய்யும் கேட்டுக்கு அது ஈடாகாது. உங்கள் கையில் நாற்பத்தைந்து லட்சம் நின்றால் போதுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வாங்குபவரிடம் ஐம்பத்திரண்டு சொல்லி, இடையிலுள்ளதைத் தமதாக்கிக்கொள்ளும் முறை இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கே தரகர் பெறுவது இருவருக்கும் இடையிலிருந்த தொலைவை நீக்கிய கூலியன்று, அத்தொலைவை நீக்காமல் காத்த கூலி. விலைக்கு மேல் வருவது உனக்கே என்று வீட்டுக்காரரே அறிந்து உடன்பட்டிருந்தால் அது வேறு. இப்னு அப்பாஸ் போன்றோர் அவ்வகை உடன்பாட்டை அனுமதித்ததாகப் புகாரியின் தொகுப்பே குறிக்கிறது. குற்றம் தொகையில் இல்லை, அறியாமையைக் காப்பதில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் தன் 215-ஆம் பிரிவுக்குத் தரும் எடுத்துக்காட்டு ஒரு சிறு நீதிக்கதை போன்றது: நிலத்தை விற்கச் சொல்லப்பட்ட முகவர் அதனைச் சுற்றிப் பார்க்கும்போது உரியவர் அறியாத சுரங்கம் ஒன்றைக் காண்கிறார், அதனைச் சொல்லாமல், நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். உண்மை தெரிந்தபின் உரியவர் அவ்விற்பனையை ஏற்கலாம், தள்ளிவிடவும் செய்யலாம். தவளக்குப்பத்தில் சுரங்கம் இராது. வரவிருக்கும் சாலை அகலப்படுத்தலோ பக்கத்து மனைக்குக் கிடைத்த விலையோ சுரங்கமாக இருக்கக்கூடும்.

சொல்லாமல் மறைப்பது பற்றிய இவ்வழக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரோமில் பேசப்பட்டது. சிசரோ தம் கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில், குடியிருப்போரின் உடல்நலத்தைக் கெடுக்கும் குறைபாடுகள் நிறைந்த வீடு ஒன்றை உரியவர் அவற்றைச் சொல்லாமல் விற்பதை எடுத்துக்கொண்டு, ஸ்தோயிக்க மெய்யியலாளர் இருவரை வாதிடச் செய்கிறார். வாங்கு என்று வற்புறுத்தாதபோது ஏமாற்று எங்கே என்கிறார் பாபிலோனின் தியோகனெஸ். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது கொடிது என்கிறார் அவருடைய மாணவர் அந்திபாத்தர். சிசரோ மாணவர் பக்கமே சாய்கிறார்: எல்லா மௌனமும் மறைத்தல் ஆகாது, பிறர் அறியவேண்டியதை உன் ஆதாயத்துக்காக அறியவிடாமல் செய்வதே மறைத்தல்.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போர்த்தி அதனடியில் விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் இங்கே நினைவுக்கு வரும். பலர் அதனை மறைவின் சின்னமாகவே காண்கின்றனர். உண்மையில் துண்டு மறைப்பது வேடிக்கை பார்ப்போரிடமிருந்து. துண்டுக்குள் பிடித்த விரலை இருவருமே உணர்கின்றனர். ஆனால் தரகர் விற்பவரோடு ஒரு துண்டும் வாங்குபவரோடு வேறொரு துண்டுமாகப் பேசும்போது, இருவருமே வேடிக்கை பார்ப்போராகிவிடுகின்றனர்.

இரு பக்கமும் கூலி பெறுபவர் யாருடைய ஆள் என்ற கேள்விக்குத் தமிழ் வைணவம் எதிர்பாராத இடத்திலிருந்து ஒளி தருகிறது. பிள்ளை லோகாசாரியர் இயற்றிய ஸ்ரீவசன பூஷணம், இறைவனுக்கும் உயிருக்கும் இடையே நின்று பரிந்துரைக்கும் திருமகளின் பணியைப் 'புருஷகாரம்' என்று பெயரிட்டு, நூலின் தொடக்கத்திலேயே ஆராய்கிறது. அப்பணிக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: உயிரின் துன்பத்தைப் பொறாத கிருபை, இறைவனையே சார்ந்திருத்தலாகிய பாரதந்திரியம், வேறெவர்க்கும் உரியவளாகாமையாகிய அநந்யார்ஹத்துவம். திருமகளின் அருட்பணியை வீட்டுத் தரகோடு ஒப்பிடுவது மரியாதைக் குறைவாகப் படலாம். ஒப்பீடு அமைப்பைப் பற்றியதே அன்றி ஆளைப் பற்றியதன்று. இடைநிற்பவர் இரு பக்கத்தாரிடமும் உறவுடையவராக இருக்கலாம், இருக்கவும் வேண்டும்; மூன்றாவதாக மறைவான ஒரு நலனுக்கு, தம் சொந்த ஆதாயத்துக்கே ஆயினும், ஆட்பட்டிருக்கக் கூடாது. இரண்டு பக்கக் கமிஷன் குற்றமா என்பதற்கு இதிலிருந்து ஒரு விடை பிறக்கிறது: இருவரும் அறிந்து கொடுத்தால் குற்றமில்லை, ஒருவர் அறியாமல் மற்றவரிடம் பெற்றால் குற்றம்.

நடுநிற்பவருக்கும் அநீதி நேர்வதுண்டு என்பதைப் புதுச்சேரியே கண்டிருக்கிறது. கம்பெனியின் தலைமைத் தரகராயிருந்த நைனியப்ப பிள்ளை, ஆளுநர் எபேர் காலத்தில் 1716-இல் சிறைப்பட்டுத் தண்டனை பெற்று, 1717-இல் சிறையிலேயே இறந்தார். அப்பதவியில் கிறித்தவர் ஒருவரே இருக்கவேண்டும் என்ற இயேசு சபையாரின் விருப்பமும் அதில் பங்காற்றியது. இறந்தபின்னரே அவர்மீதான தீர்ப்பு மாற்றப்பட்டது. தமிழர் சொன்ன சாட்சியங்கள், சொன்னவர்களுக்குப் புரியாத பிரெஞ்சில் எழுதப்பட்டுக் கையெழுத்து பெறப்பட்டன என்பது அவ்வழக்கின் மீது எழுந்த குறைகளுள் ஒன்று. இருமொழியாளரின் வழக்கிலேயே நேர்மையான இருமொழியாளர் இல்லாமல் போனார். நைனியப்பரின் உறவினரான ஆனந்தரங்க பிள்ளை அதே பதவிக்குப் பின்னாளில் வந்து, அதைச் சுற்றி நடந்த போட்டியையும் கைம்மாறிய பணத்தையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

இக்காலத்தின் சிறிய அநீதி வேறு வகையானது. தரகர் அழைத்துவந்த ஆளிடமே வீட்டுக்காரர் தனியே தொலைபேசியில் பேசி, தரகரை ஒதுக்கிவிட்டுக் கிரயத்தை முடித்துக்கொள்வது பலரால் சாமர்த்தியம் என்றே எண்ணப்படுகிறது. விற்பனைக்கு நேர்க் காரணம் தரகரின் முயற்சிதானா என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கும்; ஆனால் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியவருக்கு அதனை மெய்ப்பிப்பது எளிதன்று.

எழுத்தில் இல்லாமையே இருவருக்கும் பொதுவான இடர். 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் முகவர்கள் பதிவுபெறவேண்டும் என்கிறது. ஆயினும் அக்கட்டாயம் பதிவுபெற்ற கட்டுமான, மனைப்பிரிவுத் திட்டங்களின் விற்பனைக்கே பொருந்துவதால், தனி ஒருவர் தம் பழைய வீட்டை விற்பது பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. கமிஷன் இவ்வளவு என்றும் அச்சட்டம் வரையறுக்கவில்லை. பிரான்சிலோ, ஓகே சட்டம் எனப்படும் 1970 ஜனவரி 2-ஆம் நாள் சட்டத்தின்படி, எழுத்துமூல ஆணை இல்லாமல் முகவர் கூலி கேட்க முடியாது. விற்பனை உறுதியாகும்வரை பெறவும் முடியாது. பாரீசில் அந்த ஒழுங்குக்குப் பழகிய குடும்பம், தவளக்குப்பத்து வீட்டை மட்டும் வாய்ச்சொல்லில் ஒப்படைத்துவிடுவதற்குச் சட்டம் காரணமன்று. ஊர்க்காரர், தெரிந்தவர் என்ற உறவே காரணம். அந்த உறவைப் புண்படுத்தாமலே ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ள முடியும்: தொகை எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது, மறுபக்கத்தில் பெறுவது உண்டா இல்லையா.

கிரயப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர், பத்திரத்தை எழுதியவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். தரகருக்கென்று அதில் ஓர் இடம் கிடையாது. ஆனால் பதிவு நாளில் அலுவலகத்தில் வேறு ஆள் கிடைக்காதபோது, பல பத்திரங்களில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுபவர் அவரே. பற்றின்றிப் பார்த்திருப்பதைக் குறிக்க வேதாந்தம் எடுத்தாளும் அதே சொல், சாட்சி, அவர் பெயருக்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும்.