பெர்லினில் எல்லா

1960இல் பெர்லின் மேடையில் ‘மேக் தி நைஃப்’ பாட்டைப் பாடிய ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பாதியில் வரிகள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. வாய்க்கு வந்ததை இட்டுக்கட்டி, இடையே சக ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் நடித்துக்காட்டிப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்குத்தான் கிராமி விருதே கிடைத்தது!

1962 மார்ச்சில் அதே நகரில் இன்னொரு கச்சேரி. அதன் ஒலிநாடாக்கள் அவருடைய மேலாளர் நார்மன் கிரான்ஸின் சேகரிப்பில் பல்லாண்டு முடங்கிக் கிடந்து, 2020இல்தான் ஆல்பமாக வந்தன. எல்லா 1996இலேயே மறைந்துவிட்டார்.

இந்த 1962 கச்சேரியில் பக்கவாத்தியம் பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டுமே. ஸ்டுடியோவில் பெரிய வாத்தியக் குழுவோடு அளந்து பாடிய எல்லாவைவிட இந்த மேடை எல்லா துணிச்சல்காரர். கைதட்டல் ஏற ஏற, பாட்டிலும் குறும்பு ஏறுகிறது.