அந்தக் கைகளுக்காக ஒரு துஆ

மண்கும்பான் போன்ற ஒரு சிறிய தீவக ஊரில் ஒருவர் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டால், மையித்தை எடுக்கும் முன்பே ஒரு கேள்வி முற்றத்துக்கு வந்துவிடும்: "இவருக்கு ஜனாஸாத் தொழலாமா?" அவர் உயிரோடிருந்தபோது அவரருகே போய் உட்கார்ந்து, "ஏன் முகம் வாடிக் கிடக்கிறது?" என்று எத்தனை பேர் கேட்டோம் என்பது மட்டும் பேச்சில் வராது.

தற்கொலை ஹராம். அதில் இரு கருத்தில்லை. அவ்வாறு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. அது பிறரை எச்சரிப்பதற்காகவே, மற்றவர்கள் தொழ வேண்டும் என்பதே இமாம் ஷாபிஈ உட்படப் பெரும்பாலான அறிஞர்களின் விளக்கம்.

அதே நூலில் இன்னொரு சம்பவமும் இருக்கிறது. துபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த ஒருவருக்கு அவ்வூரின் சுவாத்தியம் ஒத்துக்கொள்ளவில்லை. நோயின் வேதனை பொறுக்காமல் தன் கைகளுக்குத் தானே தீங்கிழைத்து மௌத்தானார். பின்னர் துபைல் அவரைக் கனவில் நல்ல நிலையில் கண்டார். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. இதைக் கேட்ட நபியவர்கள் அந்தக் கைகளையும் மன்னிக்குமாறு துஆச் செய்தார்கள். செயல் பாவமென்றாலும் செய்தவர் ஊர்விட்டு வந்த நோயாளி என்பதை அவர்கள் மறக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்து அகதி முகாம்களில் வாழ்ந்த எம் மக்களுக்கு அந்த நோயாளியின் நிலை விளங்காததல்ல.

காதல் தோல்வி, கடன், பரீட்சை என்று ஒரே காரணத்தைச் சொல்லி விடயத்தை முடித்துவிடுகிறோம். அது பெரும்பாலும் கடைசியாக விழுந்த அடி மட்டுமே. அதற்குப் பின்னால் மனச்சோர்வு, குடி, இழப்பு, அவமானம், தனிமை எல்லாம் சேர்ந்து கிடக்கும். மனச்சோர்வு ஈமானின் குறைவல்ல. மருந்தாலும் உளவளத்துணையாலும் குணப்படுத்தக்கூடிய நோய்.

1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இவ்வாறு இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அது ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறைந்தது. மனிதரின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பொல்லாத நேரம் கடந்துபோக அவகாசம் கிடைத்தது. சாக நினைத்தவர்களில் மிகப் பலர் அந்த நேரம் கடந்தால் வாழவே விரும்புகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டத்தை 1998இல் நாடு நீக்கியது. ஊரின் நாக்கு மட்டும் இன்னும் தண்டிக்கிறது. அந்தப் பயத்திலேயே பலர் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை.

ஜனாஸாத் தொழுகை பர்ளு கிபாயா. ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுவதும் பாவத்துக்குள்ளாகும். உயிரோடிருப்பவரைக் காப்பதும் அப்படியொரு கடமை என்றே நினைக்கிறேன். "சாகலாம் போலிருக்கிறதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, பாரத்தை இறக்கிவைக்க இடம் கொடுக்கும். கேட்டபின் அவரைத் தனியே விடாமல் மனநல வைத்தியரிடம் கூட்டிச்செல்ல வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். இவை குத்பாவிலும் சொல்லப்பட வேண்டியவை.

மையித்து வீட்டு முற்றத்தில் கேட்கும் கேள்விக்கு இமாம்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டியதை நாம்தான் கேட்க வேண்டும்.