அகற்றிய மணலும் அமானிதமே

பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது நற்செயல் என்பதை நாம் அறிவோம். ஆனால், அகற்றியதை எங்கே இடுவது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? நம் வாசற் குப்பையை அண்டை வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடுவது துப்புரவு ஆகுமா?

இவ்வினா பெரிய அளவில் எழுந்த இடம் ஐரோப்பாவின் ஷெல்ட் ஆறு. பிரான்சில் பிறந்து, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைக் கடந்து, நெதர்லாந்திலுள்ள கழிமுகத்தின் வழியே அது வடகடலில் கலக்கிறது. பெருங்கப்பல்கள் வந்துசெல்ல ஆழம் வேண்டும். ஆதலின் 1970களிலும், 1997-98இலும், 2010இலும் கப்பற்பாதை ஆழமாக்கப்பட்டது. பின்னும் ஓயாது தூர்வாரப்படுகிறது.

அக்கழிமுகத்தில் நீரேற்றத்துக்கும் வற்றத்துக்கும் வெவ்வேறு வாய்க்கால்கள் உள்ளன. அவற்றின் இடையே மணல்திட்டுகளும் ஆழமற்ற நீர்ப்பரப்புகளும் கிடக்கின்றன. மீன்குஞ்சுகள் வளர்வதும் பறவைகள் இரை தேடுவதும் அங்கேதான். வாரிய மணலைப் பக்க வாய்க்கால்களில் கொட்டிக்கொண்டே இருந்தால் அவை தூர்ந்து, ஒற்றை ஆழ்வாய்க்கால் மட்டுமே எஞ்சிவிடும் என அறிஞர்கள் அஞ்சினர்.

அவர்கள் கண்ட வழி எளியது: மணல் எங்கே குறைந்திருக்கிறதோ, அங்கே இடுவது. 2004ஆம் ஆண்டு, அரிப்புண்டிருந்த வால்சூர்டன் மணல்திட்டின் முனையருகே ஐந்து லட்சம் கனமீட்டர் மணலை இட்டுத் தொடர்ந்து அளந்து பார்த்தனர். பெரும்பகுதி இட்ட இடத்திலேயே நின்றது. 2006இல் மீண்டும் சோதித்தனர். 2010க்குப் பின் வேறு திட்டுகளின் ஓரங்களிலும் இம்முறை கையாளப்பட்டது.

‘கப்பலே வேண்டாம்’ என்பாரும் உண்டு. ‘மணல்திட்டுக்கு என்ன உரிமை?’ என்பாரும் உண்டு. கடல் வாணிபத்தால் வாழ்ந்த முன்னோரின் வழிவந்த நாம் முன்னதை ஏற்க இயலாது. பேச வாயில்லை என்பதற்காக ஒன்றன் பங்கைப் பறிக்கலாம் என்னும் பின்னதையும் ஏற்க இயலாது. அரபு மொழியில் நீதியைக் குறிக்கும் ‘அத்ல்’ என்னும் சொல்லும், சுமைவிலங்கின் இருபுறமும் சமமாகத் தொங்கும் பொதிகளுள் ஒன்றைக் குறிக்கும் ‘இத்ல்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஒருபுறம் மிகுந்தால் பொதி மட்டுமா சரியும்? சுமக்கும் விலங்கும் சாயும். கழிமுகம் கெட்டால் கப்பற்பாதைக்கும் நிலையில்லை.

ஆகவே நீதி, ஒரு தரப்பை வெல்லச் செய்வதன்று. ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைப்பதாகும். அதுவும் ஒருமுறை வைத்துவிட்டு மறப்பதன்று. ஓதம் நாள்தோறும் மணலை நகர்த்துகிறது. ஆதலின் அளப்பதும் திருத்துவதும் ஓயாத கடமைகளாகின்றன. நமக்கு வேண்டாதது என்று நாம் வாரி எடுத்த பொருளும், அதற்குரிய இடம் சேரும்வரை நம் கையிலுள்ள அமானிதமே.